தண்ணீர் இல்லாத ஏரிக்கரை

போன ஆண்டு செப்டம்பர் கடைசியில், இத்தாலியில், பலெர்மோ நகருக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் அணைக்கட்டு ஏரிக்கரையில் இது நடந்தது. நான் மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறேன். கோடை முழுக்கக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு மீன் பொரித்துக் கொடுத்து, கூட்டம் கலைந்த பிறகுதான் எங்களுக்கு ஓய்வு. அதற்குள் உடம்பும் ஓய்ந்துவிடும். வீட்டில் படுத்துக் கிடந்தாலே போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் பன்னிரண்டு வயது மகள் விடவில்லை. வகுப்பில் எல்லோரும் எங்காவது போய்வந்திருக்கிறார்களாம்.

மனைவி வேலை செய்யும் வீட்டின் எசமானி, எங்களுக்குச் சிஞ்ஞோரா, தன்னுடைய பழைய காம்பரை ஒரு வார இறுதிக்குத் தந்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. சிஞ்ஞோராவின் தாயை என் மனைவிதான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அந்த அம்மா இறந்த பிறகு அவருடைய சின்ன நாய் எங்களிடம் வந்துவிட்டது. ஆகவே நாயும் எங்களுடன் கிளம்பியது.

இடம் தேடுவது என் பொறுப்பு. இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போதெல்லாம் போனில் ஏரிக்கரை முகாம்களைப் பார்த்துக்கொண்டே வருவேன். மனைவிக்குச் சுத்தமான குளியலறை வேண்டும். மகளுக்கு வைஃபை வேண்டும். நாயையும் உள்ளே அனுமதிக்க வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை தண்ணீரில் விழக்கூடாது. கதவைத் திறந்தால் ஏரி என்று விளம்பரம் செய்த இடங்களையெல்லாம் ஒதுக்கினேன். சரிவான கரை, படகுத்துறை, ஆழம் என்று எதையாவது கண்டால் அதையும் விட்டேன். கடைசியில் ஓர் இடத்தைப் பற்றி ஆட்கள் கோபமாக எழுதியிருந்தார்கள். மழை இல்லாமல் ஏரி வற்றிவிட்டது, தண்ணீரைத் தேடி நடக்க வேண்டியிருக்கிறது என்று. அவர்கள் குறை சொன்ன இடம்தான் எனக்குப் பிடித்தது. அதையே பதிவு செய்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அப்படியேதான் இருந்தது. கரையிலிருந்து வெகுதூரத்துக்கு வெடித்துக் காய்ந்த தரை. அதற்கு அப்பால் மெல்லிய கோடாகத் தண்ணீர். வேலி ஓரத்தில் வெயிலில் வெளுத்த ஒரு பலகை, கீழே இறங்கக் கூடாது என்றது. அது தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்துக்கு உரியது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"இதைப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கட பல்கனியிலையே கதிரையைப் போட்டு இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

"தண்ணி இல்லாட்டி பயமில்லைத்தானே."

"ஓம், உங்களுக்குப் பயமில்லாத இடம் எண்டால் அது பாலைவனம்தான்."

பக்கத்தில் இன்னொரு காம்பர் நின்றது. என் வயது மதிக்கத்தக்க இத்தாலியப் பெண் ஒருவர், ஒரு பூனையுடன் தனியாக வந்திருந்தார். வந்த கொஞ்ச நேரத்திலேயே முறைப்பாடு சொல்ல வந்துவிட்டார். எங்கள் நாய் குரைத்ததில் பூனை வண்டிக் கூரையில் ஏறிவிட்டதாம், இறங்க மாட்டேன் என்கிறதாம். அவர் போன பிறகு, "பூனைக்கு ஏரி காட்ட வந்திருக்கிறா" என்றேன். "நாங்கள் மட்டும் ஆருக்குக் காட்ட வந்தனாங்கள்?" என்று நாயைப் பார்த்தாள் மனைவி.

சாப்பிட்ட பின் எனக்குக் கண் சொருகியது. மகள் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, அந்தக் காய்ஞ்ச பக்கம் போகட்டே?"

"போ. தண்ணிக்குக் கிட்ட மட்டும் போகாதை."

"உஃபா அப்பா, தண்ணி எங்கையோ கிடக்குது" என்று இத்தாலியப் பிள்ளைகள் போலச் சலித்துக்கொண்டாள்.

நான் பிறந்தது வன்னிப் பக்கம். அங்கே குளம் வற்றினால் அதன் தரை கல் மாதிரி இறுகிவிடும். அதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறோம், கிரிக்கெட் விளையாடியிருக்கிறோம். அந்த நினைப்பில்தான் அவளை அனுப்பிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன்.

அவளுடைய குரல் கேட்டுத்தான் விழித்தேன். நாய் பறவைகளைக் கண்டு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. இவள் பின்னால் ஓடியிருக்கிறாள். காய்ந்த மேல்பரப்பு நாயின் எடையைத் தாங்கியது. இவளுடைய எடையைத் தாங்கவில்லை. நான் பார்க்கும்போது தொடை வரை உள்ளே நின்றாள்.

அவளுடைய பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். பாதித் தூரத்தில் என் கால்களும் முழங்கால் வரை இறங்கிவிட்டன. இழுத்தால் இன்னும் இறங்கியது. சேறு குளிர்ந்திருந்தது. "ஆடாதை! அசையாதை! கையைத் தூக்கு!" என்று என்னென்னவோ கத்தினேன். நான் கத்தக் கத்த அவள் என் பக்கம் திரும்ப முயன்றாள், துள்ளினாள், அழுதாள். சேறு இடுப்புக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பின்னால் இருந்து, "நீ வாயை மூடு" என்று இத்தாலிய மொழியில் ஒரு குரல் வந்தது. பூனைக்காரப் பெண். தன் மடக்கு மேசையின் பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நின்றார். "உன் குரலைக் கேட்டுத்தான் அவள் ஆடுகிறாள். படுத்துக்கொள், வாயைத் திறக்காதே."

எனக்குக் கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா? ஆனாலும் படுத்தேன். சேற்றில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தேன். அதைவிடக் கடினமான ஒன்றை நான் செய்ததில்லை.

அந்தப் பெண் பலகையின் மேல் வயிற்றால் ஊர்ந்து போனார். போகும்போதே மகளுடன் மெதுவாகக் கதைத்தார். நாய்க்கு என்ன பெயர், எந்தப் பள்ளிக்கூடம், சோபாவில் சாய்வது போல் பின்னால் சாய் பார்ப்போம் என்று. மகள் சாய்ந்தாள். இறங்குவது நின்றது.

கரையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். கையில் சிஞ்ஞோராவின் காம்பர் மெத்தைகள். காலையில்தான் அதில் ஒரு சொட்டுக் கறிகூடப் படக்கூடாது என்று இரண்டு பேருக்கும் பாடம் எடுத்திருந்தேன். அவள் அவற்றை ஒவ்வொன்றாகச் சேற்றில் விரித்து, தண்ணீர்ப் போத்தல்களைத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் மகளின் காலோரமாகக் கையால் தோண்டி, சேறு இளகத் தண்ணீரை ஊற்றி, காலை அசைத்து, மறுபடியும் தோண்டினார். நானும் உருண்டு ஒரு மெத்தையைப் பிடித்து வெளியே வந்தேன். மகள் வெளியே வரும்போது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சப்பாத்து இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன. நாய் எங்களுக்கு முன்பே திரும்பி வந்து ஒரு மெத்தையில் உட்கார்ந்திருந்தது, பாதம் கூட நனையாமல்.

மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் மகளின் தலையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு, "நாயைக் கட்டி வை" என்று என்னிடம் சொல்லிப் போனார். அன்று மாலையே புறப்பட்டோம். வழியில் மகள் போர்வைக்குள் இருந்து சொன்னாள்: "நீங்கள் கத்தேக்கை நான் சாகப்போறன் எண்டு நினைச்சன் அப்பா. நீங்கள் பேசாமல் படுத்தாப் பிறகு, அவ்வளவு மோசம் இல்லை போல எண்டு நினைச்சன்."

சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மெத்தைகளைக் கழுவிக் காயப்போட்டுக் கொடுத்தோம். சிஞ்ஞோரா வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு இன்னமும் கண்ணை மூடினால் அந்த வெடித்த தரை வருகிறது. மகளோ மறந்துவிட்டவள் போல், வேறு ஏரிக்குப் போவோமா, இந்த முறை தண்ணீர் உள்ள ஏரியாகப் பார்ப்போமா என்று கேட்கிறாள். கேட்கும்போது என் முகத்தைத்தான் பார்க்கிறாள் என்பது இப்போது எனக்குத் தெரியும். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்று சாதாரணமாகச் சொல்கிறேன். என் பயம்தான் அவளைக் காக்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது அதை எனக்குள்ளேயே வைத்திருக்கப் பழகுகிறேன், ஒரு கோடை முழுக்க அடுப்படியில் நிற்பதைவிட அதுதான் என்னை அதிகம் களைக்க வைக்கிறது.