கைக்கும் தோளுக்கும் நடுவில்

குன்னூர் பஜாரில் நாங்கள் அத்தா என்று கூப்பிடும் என் அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோவை இருபது வருடமாக மகளான நான் நடத்துகிறேன். கல்யாண வேலைகளெல்லாம் இளவட்டங்களிடம் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது பாஸ்போர்ட் படமும் பள்ளிக்கூட குரூப் போட்டோவும். அதில் சிரமமானது கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணியைப் போர்த்தி, துணிக்கு மேலாகக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அம்மாவின் கை படத்தில் தெரியக் கூடாது என்பது விதி. அப்படியும் குழந்தையின் விலாப்பக்கம் இரண்டு விரல் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் அதை அழிப்பேன்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து ஓர் அம்மாள் என்னைத் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரையும் பிள்ளைகளையும் படம் எடுத்துப் புத்தகம் போடுகிறார். மொழிபெயர்க்கவும் வழிகாட்டவும் இங்கே ஓர் ஆள் வேண்டும் என்றார். ஸ்டுடியோவிலேயே லேப்டாப்பைத் திறந்து காட்டினார். படகில் உட்கார்ந்து மகளுக்குத் தலைவாரும் ஒரு தாய். சந்தைக் கூட்டத்தில் மகனின் தோளில் சாய்ந்து தூங்கும் ஒரு கிழவர். எல்லாப் படத்திலும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்த அப்பாவும் மகளும்தான். அவர் ஃபேக்டரியில் டீமேக்கர். இலை வதங்குவதிலிருந்து தூள் மூட்டை கட்டுவது வரை அவர் பொறுப்பு. பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது மனைவி தவறிவிட்டார். அவரே வளர்த்து நர்சிங் படிக்கவைத்தார். ஜெர்மனியில் வேலை கிடைத்து, விசாவுக்குப் படம் எடுக்க அந்தப் பெண் என்னிடம் வந்திருந்தாள். கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது. போனில் கேட்டபோது சந்தோஷமாகவே சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் போனோம். சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வாசலில் நின்றிருந்தார். டீ கொடுத்தார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் இருவரையும் நிற்கவைத்தோம். இரண்டு பேர் நடுவில் இன்னொருவர் நிற்கலாம் போல இடம் இருந்தது.

அந்த அம்மாள் மகளின் தோளில் கைபோடச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, வளர்ந்த புள்ளைங்க" என்றார்.

நான் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. அவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்து, கூச்சம் எல்லா ஊரிலும் உண்டு, கொஞ்சம் பொறுத்தால் போய்விடும் என்றார். மகள் குனிந்தபடியே, "பரவால்லீங்கப்பா, வைங்க" என்றாள்.

அவர் கையைத் தூக்கினார். வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் முகம் மெல்ல வாடியது. பக்கவாட்டில் நின்ற எனக்குக் காரணம் தெரிந்தது. கை தோள்மேல் படவில்லை. ஓர் அங்குலம் மேலே, காற்றில் நின்றது. அந்த அம்மாள் அப்படியே ஏழெட்டுப் படம் எடுத்தார். பிறகு போதும் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது மகள், "அப்பா, அட்டை" என்றாள். சரிவில் நின்றதில் கணுக்காலில் ஏறியிருக்கிறது. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உப்பு. மழைக்காலத்தில் அது இல்லாமல் அங்கே யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். ஈரத் தரையில் சலவை வேட்டியோடு உட்கார்ந்து, மகளின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். உப்பைத் தூவினார். அட்டை விழுந்ததும், கசிந்த ரத்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். அவள் விழாமலிருக்க அவர் தலைமேல் ஒரு கையை ஊன்றியிருந்தாள். ரத்தம் நிற்க நேரமாகும் என்று இருவருக்குமே தெரியும்.

என் கேமரா கழுத்தில் இருந்தது. யோசிக்காமல் ஒன்று எடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. கையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அழிச்சுருங்க. புள்ளை காலைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறத நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும்?"

அதற்குள் அந்த அம்மாளும் என் தோளுக்குப் பின்னால் வந்து பார்த்துவிட்டார். இந்தப் படம்தான் வேண்டும், இதற்காகத்தான் இத்தனை தேசம் சுற்றினேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். அவர் என்னையே பார்த்தபடி நின்றார். தலை குனிந்து நின்ற நான் அழிக்கும் பட்டனைத் தேடினேன். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களருகே வந்தாள்.

"அழிக்க வேண்டாங்கக்கா. எனக்கு மட்டும் அனுப்பீருங்க."

அவர் உப்புப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "சரி, அவகிட்ட மட்டும் இருக்கட்டுங்க" என்றார்.

அங்கேயே படத்தை அவள் போனுக்கு மாற்றிவிட்டு, அவர் கண்ணெதிரே என் கேமராவிலிருந்து நீக்கினேன். பிறகுதான் அவர் கொஞ்சம் இறங்கிப் பேசினார். ஆறாவது படிக்கும்வரை தானே அவளுக்குத் தலை பின்னியதாகவும், இரட்டைப் பின்னலுக்கு ரிப்பன் கட்டக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். அவள் பெரியவளானதும் ஊரிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார்களாம். இனிமேல் தள்ளி இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "அவங்க சொன்னது செரிதானுங்க" என்றார். பிறகு, "ஆனா அன்னைக்கிருந்து எப்படித் தொடறதுன்னே மறந்து போச்சுங்க" என்றார்.

திரும்பும்போது ஜீப்பில் அந்த அம்மாள் என்னோடு பேசவில்லை. என் அத்தா கடைசியாக என்னை எப்போது தொட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. நான் ஊட்டிக் காலேஜுக்குப் போன நாட்களில், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் தன் குடையை வீசி எனக்கு இடம் பிடிப்பார். நான் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகவே குடையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். போய் வா என்றுகூடச் சொன்னதில்லை. அதை யாராவது படம் எடுத்திருந்தால் ஒரு மனிதர் பஸ்ஸுக்குள் குடையை எறிகிறார் என்றுதான் இருக்கும். பக்கத்தில் எழுதி வைத்தாலொழிய யாருக்கும் விளங்காது.

மறுநாள் காலை அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பின்னல், அக்கா வந்துபோனது, முந்தைய நாள் நான் மொழிபெயர்க்காமல் விட்ட வார்த்தை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உப்புத் தூவிய அந்தப் படத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. தான் எடுத்த படங்களைத் திறந்து, கை காற்றில் நின்ற ஒன்றைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். இதைப் போடலாமா என்று அவர்களைக் கேட்டுச் சொல் என்றார். கேட்டேன். இருவரும் சரி என்றார்கள்.

இந்த வருடம் மாசியில் புத்தகம் இரண்டு பிரதி வந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து கிளென்மார்கன் போனேன். மகள் போய் ஆறு மாதமாகியிருந்தது. அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். தன் படத்தைப் பார்த்தார். கீழே அந்த அம்மாள் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். ஆறாம் வகுப்புவரை மகளுக்குத் தலை பின்னிய தகப்பன் என்று மட்டுமே எழுதியிருந்தது. "அதையெல்லாமா போட்டுட்டாங்க" என்று லேசாகச் சிரித்தார்.

மகளை வழியனுப்பியதைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார். கோயமுத்தூர் விமான நிலையத்தில் அவள் காலில் விழக் குனிந்திருக்கிறாள். தூக்கிவிட இரண்டு தோளையும் பிடித்திருக்கிறார்.

"புடிச்ச கையை எடுக்கவே முடியலீங்க. அவதான் நேரமாச்சுங்கப்பான்னா."

புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இடுப்பளவு பனியில் குழந்தையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் நடந்துபோகும் படத்தில் நின்றார்.

"ஏனுங்க, அவ இருக்கற ஊர்லயும் இப்படித்தான் கொட்டுமா?"

குளிர்காலத்தில் கொட்டும் என்றேன். இங்கிருந்து இரண்டே ஸ்வெட்டர்தான் கொடுத்தனுப்பியதாகச் சொல்லிவிட்டு, அவர் போனை எடுத்து அங்கே இப்போது மணி என்ன என்று என்னிடம் கேட்டார்.