அத்தான் திரும்பிப் பார்த்த கதிரை

மூன்று கிழமைக்கு முந்தி என் வீட்டு விறாந்தையில் கிடந்த ஒரு வெறும் கதிரை என்னைப் பயமுறுத்திவிட்டது. பேய்க் கதை இல்லை. பேய் என்றால் இதை எழுத நான் மிஞ்சியிருக்க மாட்டேன் — ஓடின ஓட்டத்தில் நிலாவெளி தாண்டியிருப்பேன்.

விசயம் இதுதான். என் அக்கா கனடா போயிருக்கிறா. அவவின் மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அதுவும் சிசேரியன். அத்தானுக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினா. அத்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிப் பென்சன் எடுத்தவர். மலை மாதிரிக் கப்பலைச் சின்னப் படகால் தள்ளி ஜெட்டியில், அதுதான் கப்பல் கட்டுகிற மேடையில், சேர்க்கிற வேலை. எனக்கு என் ஸ்கூட்டரை வீட்டுக்குள் தள்ளவே இரண்டு பேர் வேண்டும்.

அவரோடு வேலை செய்த கிண்ணியா ரசீத் நானா ஒரு சட்டித் தயிரோடு பார்க்க வந்தார். விறாந்தையில் இருந்து பழைய கதை எல்லாம் கதைத்தார்கள். நடுவில் நானா கேட்டார்.

"பேத்திக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

அத்தான் இடப்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கதிரை. அதில் என் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் சிரித்த முகத்தோடு துவாயைப் பார்த்தபடி இருந்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனிதர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெயர் யாருக்கு ஞாபகம் நிற்கிறது? அந்தப் பெயரைச் சொல்லப் போனால் எனக்கே நாக்குச் சுளுக்கும்.

நானாவும் சிரித்துவிட்டு, பிள்ளை மூத்தவளுக்கா இளையவளுக்கா என்று கேட்டார்.

அத்தான் மறுபடியும் கதிரையைப் பார்த்தார். பதில் வரும் என்று... மரியாதையாக... காத்துக்கொண்டிருந்தார்.

என் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. நானா தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அந்தப் பக்கம் அக்காவின் பக்கம். கல்யாண வீடு, கோயில், பஸ் — எங்கே போனாலும் அத்தானின் இடப்பக்கம்தான் அவ இருப்பா. யார் எதைக் கேட்டாலும் அத்தான் திரும்புவார், அக்கா சொல்லுவா. மனுசனை வாய் திறக்க விடமாட்டா என்று குடும்பமே நக்கல் அடிக்கும். அத்தனை காலமும் பதில் அங்கேதான் இருந்திருக்கிறதா? இங்கே ஒன்றும் இல்லாமலா?

என் மனைவி அன்றைக்கே ஒரு டொக்டரைச் சனல் பண்ணி நேரம் எடுத்தாள், கூடவே வந்தாள். ஸ்கான், இரத்தம், கேள்விமேல் கேள்வி. கடைசியில் டொக்டர் அல்சைமர் என்றார். எதைக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பது அவர்கள் கவனிக்கிற அடையாளங்களில் ஒன்றாம். அப்படியென்றால் திருகோணமலையில் கல்யாணம் முடித்த ஆம்பிளைகள் எல்லோரையும் வார்டில் போட வேண்டுமே என்றேன். டொக்டர் சிரித்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் பாக்கிறது பஞ்சியில, சொல்லச் சோம்பல்பட்டு. இவர் பாக்கிறது, தேடிப் பாத்தும் உள்ளுக்க இல்லாதபடியால."

எனக்கு அதற்குப் பிறகு பகிடி வரவில்லை. எப்படி இப்படி ஆகும் என்று கேட்டேன். விஞ்ஞானத்தில் நான் பாஸானதே பக்கத்து மேசைக்காரனின் புண்ணியத்தால் — ஆனாலும் விளங்கியவரை சொல்கிறேன். மூளைக் கலங்களுக்குள் சாமான் போய்வர மெல்லிய பாதைகள் இருக்கின்றன. அந்தப் பாதைகள் குலையாமல் பிடித்துக்கொள்வது டோ என்ற புரதம். அந்தப் பிடியைத் தளர்த்தச் சொல்லிச் சைகை கொடுக்கச் சில புரதங்கள், போதும் என்று அந்தச் சைகையை நீக்க வேறு சில. நல்ல மூளையில் இரண்டும் சரிசமமாக நடக்கும். இந்த வருத்தத்தில் தளர்த்து என்ற சைகை வந்துகொண்டே இருக்கும், போதும் என்பது சரியாக வராது. டோ கழன்று, சிக்குப்பட்ட நூல் மாதிரி ஆகிவிடும். பாதை குலையும். ஏன் தொடங்குகிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாதாம். கொஞ்சம் தாங்கிப் பிடிக்க மருந்து உண்டு, மாற்ற ஏலாது என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். அத்தான்தான் பேசினார்.

"தள்ளச் சொல்லிப் போட்டு, நிப்பாட்டச் சொல்லேல்ல. கப்பல் ஜெட்டியை உடைக்கும். அப்பிடித்தானே டொக்டர்?"

டொக்டர் ஓம் என்று தலையாட்டினார்.

அத்தான் உச்சுக் கொட்டினார். "பாவம். ஆருக்கு இந்த வருத்தம்?"

நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பொக்கெட்டில் போட்டேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் ஒரு பொய் தயாரித்தேன். கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட, வேறொன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அக்கா அடுத்த பிளேனில் நிற்பா. அங்கே வயிற்றில் தையலோடு ஒருத்தி, கையில் பச்சைப் பிள்ளை. சொல்லாவிட்டால் மட்டும்... எத்தனை நாளைக்கு அத்தானைத் துவாயோடு கதைக்க விடுவது?

வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்த உடனேயே வீடியோ கோல். டொக்டர் என்ன சொன்னவர் என்று அக்கா கேட்டா.

அத்தான் இடப்பக்கம் திரும்பினார். இந்த முறை கதிரையில் நான் இருந்தேன்.

பொய் ரெடி. வாய்தான் திறக்கவில்லை. நான் என்ன செய்தேன்? என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஃபோனை வாங்கினாள்.

"மச்சாள், பிள்ளையைக் கட்டிலில வளத்திப் போட்டு இருங்கோ. சொல்லுறன்."

சொன்னாள். ஒன்றும் விடாமல். அக்கா அழவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தா — அத்தான் எப்போதும் இருக்கிற பக்கம். அங்கே கனடாச் சுவர்தான் இருந்தது.

"அவளின்ர தையல் ஆறின உடன வாறன். அதுவரைக்கும் அவருக்குப் பக்கத்தில ஆராவது இருங்கோ," என்றா.

துவாயைக் கொடிக்கு மாற்றியாயிற்று. இப்போது அந்தக் கதிரையில் இருந்து பேத்தியின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன் — நாக்குச் சுளுக்கினாலும்.