ஓடாவியின் ஒழுகாத கூரைகள்

கல்முனையில் மாரி தொடங்கினால் பாதிப் பேர் வாளியைத் தேடுவார்கள், மீதிப் பேர் ஸைனுலாப்தீன் ஓடாவியைத் தேடுவார்கள். அவர் போட்ட அஸ்பெஸ்டஸ் கூரை ஒழுகாது. முப்பது வருடமாக அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர். ஊரும் சும்மா புகழவில்லை. அடைமழையிலும் அவர் கூரைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கலாம்.

அதற்கு அவரிடம் ஒரு கைமருந்து இருந்தது. அஸ்பெஸ்டஸ் சீட் அறுக்கும்போது வாளடியில் விழும் தூளை மற்ற ஓடாவிமார் காலால் தள்ளிவிடுவார்கள். இவர் அதைக் கூட்டி அள்ளிப் பால்மா டின்னில் சேர்ப்பார். அரிதட்டில் அரித்து, சீமெந்தோடு குழைத்து, ஆணித்துளைகளிலும் வெடிப்புகளிலும் அப்பினால் கல்லாகிவிடும். தூளுக்குள் கிடக்கும் நார்தான் சீமெந்தை வெடிக்க விடாமல் பிடிக்கிறது என்பதை யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்தவர் அவர். தொண்ணூற்றிரண்டில் ஒரு பழைய நெற்களஞ்சியத்தை உடைத்தபோது அதன் சீட்டுகளைச் சும்மா கொடுத்தார்கள். அவற்றின் தூளில் நார் தடிப்பாகவும் நீளமாகவும் இருந்தது. பழசுதான் உரம் என்று வண்டியில் ஏற்றி வந்து வளவுக்குள் அடுக்கினார். சுனாமி வீட்டை விட்டுவிட்டு வளவில் கிடந்ததை அள்ளிக்கொண்டு போகும்வரை, பன்னிரண்டு வருடம், அந்தத் தூளைத்தான் பாவித்தார்.

அரித்துக் கொடுத்தது அவர் மனைவி சித்தி லைலா. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், இருட்டுவதற்குள் இரண்டு டின் தூள் தயாராகிவிடும். மா அரிப்பதைப்போலத்தான் அரிப்பார். ஓடாவிக்குக் கெட்டிக்காரப் பெண்சாதி என்று அக்கம்பக்கம் மெச்சியது.

போன வருடம் சித்தி லைலாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று இரண்டு தரம் எடுத்தார்கள். மூன்றாம் தரம் சதை வெட்டிப் பார்த்து, நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் புற்று என்றார்கள். டாக்டர் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “வீட்டிலதான் சேர்” என்றார் சித்தி லைலா. டாக்டர் அப்படியே எழுதினார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, “நீங்க?” என்றார்.

“ஓடாவி. கூரை வேலை.”

டாக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

அவர் சொல்லித்தான் ஹிமாயா வந்தாள். அட்டாளைச்சேனைப் பிள்ளை, கூரைத் தூசியைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். வாயையும் மூக்கையும் இறுக மூடிக்கொண்டு ஏணியில் ஏறி, குசினிக் கூரையில் அப்பியிருந்த அடைப்பைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு துண்டு சுரண்டி எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச் சீட்டிலும் ஒரு துண்டு எடுத்தாள். சீட்டெல்லாம் வெள்ளை அஸ்பெஸ்டஸ்தான், அதால் ஒன்றும் வராது என்று வன்பொருள் கடை இப்றாஹிம் ஒருமுறை சொல்லியிருந்தார். ஸைனுலாப்தீன் மூன்று கிழமை அந்த வார்த்தையையே பிடித்துத் தொங்கினார். தன் கையால் வந்த நோய் இல்லை என்று யாராவது சொன்னால் போதும் அவருக்கு.

மறுமொழி கேட்க அவரே பஸ் ஏறிப் போனார். ஹிமாயா கணினியில் இரண்டு படங்களைக் காட்டினாள்.

“இது புதுச் சீட், மாமா. வெள்ளை. மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த கனியம். முடி மாதிரிச் சுருண்டு கிடக்குது பாருங்க. இதுவும் நல்லதில்ல, இதாலயும் புற்று வரும். ஆனா நெஞ்சுக்குள்ள போனா நாளாக நாளாக உடைஞ்சு கரையும்.”

“மத்தது?”

“உங்கட குசினிக் கூரையில இருந்தது. இதுக்குள்ள பழைய காலத்துச் சீட்டுகளில வந்த மண்ணிற அஸ்பெஸ்டஸும் கலந்திருக்கு. இரும்புச்சத்துக் கூட. ஊசி மாதிரி நேரா நிக்குது. ஆழத்துக்குப் போகும், லேசில கரையாது. முப்பது நாப்பது வருசம் அப்பிடியே கிடக்கும்.”

“அப்ப லைலாட நோய் இதாலயா புள்ள?”

“நூத்துக்கு நூறு எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது மாமா.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆனா வேற காரணம் தேடத் தேவையில்ல. அந்தத் தூளுக்குக் கிட்ட இருந்த எல்லாரும் டொக்டர்ட்டக் காட்டி நெஞ்சப் பாத்துக்கொள்ளோணும். நீங்களும்தான்.”

“அறுத்தது நானெல்லா? எனக்கொண்டுமில்லயே!”

“நீங்க நிண்டு அறுத்தீங்க, தூள் காலடியில விழுந்திச்சு. அவங்க முகத்துக்கு நேர வெச்சு அரிச்சிருக்காங்க.”

தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். வினை அவரைத் தொடக்கூட இல்லை, நேரே வீட்டைத்தான் சுட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், “ஒண்டுமில்லயாம்” என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அந்தப் பொய் வாயில்தான் இருந்தது. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த மனைவியைக் கண்டதும் அது வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளைபோல அழுதார்.

சித்தி லைலா அழவில்லை. கூரையைப் பார்த்தார். குசினிக்குள் மகள் ஜெஸீமா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். சீதனமாக அவளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில்தான் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள்.

“இஞ்சருங்க,” என்றார் சித்தி லைலா. ஒவ்வொரு வசனத்துக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. “நான் அரிக்கக்குள்ள... ஜெஸீமா என்ட மடியிலெல்லா கிடந்தா.”

ஸைனுலாப்தீனுக்கு அழுகை நின்றுவிட்டது.

“தூள அள்ளி மூஞ்சில பூசிக்கிட்டு... உங்கக்கிட்ட ஓடி வருவா. பவுடர் போட்ட பொண்ணு எண்டு... தூக்கி வெச்சுச் சிரிப்பீங்க.”

சிரித்தார்தான். அந்தச் சின்ன வெள்ளை முகத்தில் முத்தமும் கொடுத்தார்.

“அவக்கிட்டச் சொல்லுங்க. டொக்டர்ட்டக் காட்டட்டும்.”

“சொல்லுவம் லைலா. இப்ப வேணாம். நீ கொஞ்சம் சுகமாகி...”

“நான் இருக்கக்குள்ளயே சொல்லுங்க. நான் போனாப்பிறகு... உங்களால ஏலாது.”

சித்தி லைலாவே மிச்ச மூச்சைக் கூட்டி மகளைக் கூப்பிட்டார். ஜெஸீமா அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகளின் தாய்.

“என்ன வாப்பா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?”

“உனக்கு அப்ப ரெண்டு வயசு, மகள்,” என்று ஸைனுலாப்தீன் தொடங்கினார்.