தீப்பெட்டியில் இருந்த பொன்வண்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், யாரிடமும் தலைகுனிந்ததில்லை.

இன்று பேத்தி, கள்ளிக்குப்பம் வீட்டுக் கொடுக்காப்புளி மரத்தில் ஒரு பொன்வண்டைப் போனில் படமெடுத்துக் காட்டினாள். அந்தப் பச்சை மினுமினுப்பைப் பார்த்ததும் அவள் அம்மா ரோசியின் எட்டு வயது ஞாபகம் வந்தது. ரோசி ஒரு பொன்வண்டைத் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதைப் படமெடுக்க, என் அண்ணன் பிலிமில் ஒரு படம் மிச்சம் வைத்திருந்தார். சனிக்கிழமை ஸ்டவ் பற்றவைக்கும் அவசரத்தில் அந்தப் பெட்டியை நான் திறந்துவிட்டேன். வண்டு ஜன்னல் வழியே பறந்துபோனது.

“எம்மா, என் வண்டு இன்னாச்சு?”

என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. “ஒந்தம்பிதான் தொறந்திருப்பான், போய்க் கேளு” என்றேன்.

“சத்தியமா நான் தொடலக்கா!” என்று அவன் அழ அழ, ரோசி முதுகில் நாலு வைத்தாள்.

இன்றும் கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தால், “இன்னாடா வண்டுத் திருடா, நல்லாக்கிறியா?” என்பாள். அவன் சிரிப்பான். எனக்குத்தான் சோறு இறங்காது.

எழுத்துக் கூட்டி எழுதிவிட்டேன். கண்ணு, உங்கம்மாவும் மாமாவும் சேர்ந்து கேக்கற மாதிரி போன் போட்டு, இத சத்தமாப் படி.