பின் வாங்கில் இருந்தவர்

சிவயோகம் ரீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியைப் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர் சைக்கிளில் வந்து சொன்னார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கொடுக்க மருந்து இருக்கவில்லை. அதைச் சொல்லி முடித்த கையோடு அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “அப்ப இனிச் சனிக்கிழமைக் கூட்டம் இல்லைத்தானே, சேர்?” சைக்கிளோடு திருப்பி விரட்டத்தான் நினைத்தேன். ஆனாலும் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ரீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பளைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் ஓலைக் கொட்டிலில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர் அவர். இடம்பெயர்ந்த பிறகு அதிபர்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. சண்டையால் வரப் பாதையும் இல்லை. “ஒருத்தரும் வராட்டி ஆளை ஆள் பாத்துப் பழகுவம்” என்று அவர்தான் மாதம் ஒரு சனிக்கிழமை அக்கம்பக்கத்து அதிபர்களான எங்களைக் கூட்டினார். ஒவ்வொருவரும் முறை வைத்து, தன் பள்ளிக்கூடத்தின் ஆக மோசமான வகுப்புக்கு மற்ற அதிபர்களின் முன்னால் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் வகுப்பின் கடைசியில் போட்ட நீளப் பலகையான பின் வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, பிழையை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

முதற் கூட்டம் எங்களில் மூத்த அதிபரின் பள்ளிக்கூடத்தில். அவர் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி முன்னால் இருத்தி, எங்களுக்கு வாழைப்பழமும் வைத்திருந்தார். கிளிநொச்சியை விட்டு ஓடிவந்தபோது உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்த தன் அதிபர் கதிரையிலேயே அமர்ந்திருந்தார். ரீச்சர் எழும்பினார். “சேர், கதிரையைப் பத்திரமாக் கொண்டு வந்திட்டியள். வாசிக்கத் தெரியாத பிள்ளையளை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?” அவரைக் கதிரையால் எழுப்பி, எங்களோடு வாங்கில் இருத்தினார். அந்த மனிதர் அதற்குப் பிறகு ரீச்சரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எனக்கும் விழுந்தது. மிக அழகாகப் படிப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்ற என்னிடம், “இந்த வகுப்பிலை இண்டைக்குப் படிச்சது நீங்கள் ஒராள்தான் சேர்” என்றார். அவரைக் கண்டால் மறுபக்கத்தால் போவது என்று வீட்டில் சத்தியம் செய்தேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

கடைசியில் அவருடைய முறை வந்தது. பின்னக் கணக்கு. “இரண்டு மாதமா மாரடிக்கிறன், ஒண்டும் ஏறுதில்லை. ஏனெண்டு வந்து பாத்துச் சொல்லுங்கோ” என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்டிருந்தார். பின்னால் வாங்குகளைத் துடைத்துப் போட்டிருந்தார். நான் மட்டும் போனேன். ஒருவருக்கு வயல் வேலை, ஒருவருக்குக் கலியாணவீடு, மூத்தவருக்கு முழங்கால் வலி. ரீச்சருக்கும் அன்று காய்ச்சல். கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வெறும் வாங்குகள் கிடக்கப் பாடம் முழுவதையும் நடத்தினார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். “சொல்லுங்கோ.”

“பரவாயில்லை ரீச்சர்” என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அவர் பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது. “கேள்வியைக் கேட்டிட்டு, பிள்ளையள் வாய் திறக்க முன்னம் நீங்களே பதிலைச் சொல்லிப்போடுறியள். அதுகள் என்ன நினைக்குதுகள் எண்டு உங்களுக்குத் தெரியாது” என்றேன். நடுங்கிக்கொண்டு நின்ற மனிசியிடம் இதைச் சொன்னதற்காக என் மனைவி இன்னும் என்னைத் திட்டுகிறாள். ரீச்சரோ சிரித்தார். “அப்பாடா, ஒராளாவது பாத்திட்டியள். திங்கட்கிழமை மாத்திப் பாக்கிறன்.” அந்தத் திங்கட்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

செத்தவீட்டுக்கு மட்டும், அதிபர்மாரே, நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். முழங்கால் வலியும் வந்து, மேடை ஏறி, “எங்களுக்கு வழிகாட்டிய விளக்கு அணைந்துவிட்டது” என்று அழுதது. உங்களுக்கு இருக்க வாங்கு போதவில்லை. ரீச்சரின் வகுப்பிலிருந்த அதே வாங்குகளைத்தான் பிள்ளைகள் தூக்கிவந்து போட்டார்கள். மன்னிக்க வேண்டும், எனக்கு அழுகை வரவில்லை. உங்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த வகுப்பைத்தான். போன சனிக்கிழமை அங்கே போனேன். வாங்குகளைத் திரும்பப் பின்னால் போட்டுவிட்டு, இரண்டில் ஒரு பங்கா, நாலில் ஒரு பங்கா பெரியது என்று கேட்டேன். பதிலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து ஒரு சின்னவள் எழும்பினாள்.

“நாலில் ஒண்டு, சேர்.”

“ஏன் பிள்ளை?”

“நாலு பெரிசெல்லோ.”

மற்றப் பிள்ளைகளும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ரீச்சர் இரண்டு மாதமாகத் தேடிய காரணம் இதுதான். அதை ரீச்சரிடம் சொல்வதற்காகச் சட்டென்று பின் வாங்கை நிமிர்ந்து பார்த்தேன்.