தபல் சிங்கின் தர்ப்பைப் பாய்

உத்தரகாசி சத்தேஸ்வரிக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. மலைக்காரப் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் பிழைப்பு ஏது? புல் அறுக்கப் போனால் பாதி ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். வாழ்க்கைப்பட்ட வீட்டில் அதையே குத்திக்காட்டினார்கள்.

புருஷன் தபல் சிங் மட்டும் வாய் திறக்கமாட்டான். விடிந்ததும் தர்ப்பைப் பாயில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, வண்டு மாதிரி ரீங்கரித்து மூச்சை விடுவான். பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம் அது. முதலில் கேலி செய்தவள், பிறகு பக்கத்திலேயே தன் பாயையும் விரித்தாள். இழுப்பு அடங்கியது. புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு ஊர்ப் பெண்களுக்கு முன்னால் நடந்தாள்.

போன மழையில் மலை சரிந்து அவனை ஆற்றோடு கொண்டுபோயிற்று. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த வீட்டு வழக்கப்படி ஒருவர் பாயில் இன்னொருவர் உட்காரக் கூடாது. ஆள் போனால் பாயையும் கங்கையில் விட்டுவிட வேண்டும். இவள் விடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? விடிந்தால் அந்த வெறும் பாயிலிருந்து ரீங்காரம் கேட்டது. துக்கத்தில் இழுப்பு திரும்பியிருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூச்சை விட்டாள்.

கொழுந்தன் பச்சன் சிங் கெஞ்சினான். "பாயைப் பிடிச்சு வச்சுக்கிட்டா அண்ணன் எப்படிப் போவாரு, அண்ணி?"

"போயிட்டா நான் எப்படி மூச்சு விடுறது, தம்பி?"

ஆனால் நாளாக நாளாகச் சத்தம் தேய்ந்தது. களைத்த மனுஷனைத் தூங்கவிடாமல் உட்கார வைத்திருப்பது போல அவளுக்கு உறுத்தியது. அதைத் தாங்க முடியாமல்தான் ஒரு காலையில் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயை ஆற்றில் விட்டாள். தண்ணீர் அதைச் சுருட்டி இழுத்துக்கொண்டது.

ஆற்றங்கரைப் படி ஏறும்போதே நெஞ்சு அடைத்தது. காது கொடுத்துப் பார்த்தாள். ஆற்றிரைச்சல்தான். பாவி, நானே துரத்திவிட்டேனே என்று பதறினாள். வேறு வழியில்லாமல் படியிலேயே உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, தானே ரீங்கரித்தாள். முதலில் கீச்சென்று அறுந்தது. அப்புறம் கொஞ்சம் நீண்டது. நெஞ்சு இளகியது.

மூச்சை உள்ளே இழுக்க நிறுத்தினாள். ரீங்காரம் நிற்கவில்லை.

கையை எடுத்தாள்; ஆற்றிரைச்சல் மட்டும். மறுபடி பொத்தினாள். உள்ளே, அதே குரல், களைப்பில்லாமல்.

பச்சன் சிங் குனிந்து கேட்டான். "அண்ணன் போயிட்டாரா, அண்ணி?"

"இல்ல தம்பி," என்றாள். "இடம் மாறிட்டாரு."