என் மணிக்கட்டுக்கு ஏற்ற மட்டை

பூப்பந்துக் குழுத் தோழியர்க்குப் பணிவான வணக்கம். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு வருவேனா என்ற வினாவுக்குத் தாமதமாக விடையளிப்பதைப் பொறுத்தருள்க. மணிக்கட்டு வலியால் விலகிவிடவே எண்ணியிருந்தேன்.

இன்று தேரடித் தெருக் கடைக்காரர் என் மட்டையை வளைத்துப் பார்த்து, "காம்பு ரொம்ப விறைப்புங்க, அதான் கை வலிக்குது" என்றார்.

பிறர் சொல்லி ஆடக் கற்றவள் அல்லேன். ஆதலால் கடைவாசலில் நின்று நானே சோதித்தேன். என் மட்டையில் பந்து பாதித் தெருவிலேயே விழுந்தது. கடைக்காரர் தந்த, மிகவும் வளையும் மட்டையில், எதிரே பூ விற்ற அம்மாளின் தலைக்கு மேல் பறந்தது. அளவாக வளையும் மூன்றாவதில், குறிவைத்த விளக்குக் கம்பத்தில் பட்டு அவர் கூடைக்குள் விழுந்தது. வலியே இல்லை!

"இதையே எடுத்துக்கினு கெளம்பும்மா, பூவாச்சும் மிஞ்சும்!" என்றார் பூக்கார அம்மாள்.

எடுத்துக்கொண்டேன், மரியாதைக்கு இரண்டு முழம் கதம்பமும் வாங்கினேன்.

என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடவில்லையே? உடனே பதில் எழுதவும்.